“ஒண்டுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில், ஒரு பாடசாலையில் காலைப் பிரார்த்தனை நேரம் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்த செய்தியைப் படித்தேன். செய்தி சரி, ஆனால் அதன் கடைசி வரி எனக்குச் சரியாகப் படவில்லை. இது வெறும் ஹிஸ்டீரியாதான், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று முடித்திருந்தீர்கள். பக்கத்திலேயே வாங்கில் கிடக்கும் இரண்டு பிள்ளைகளின் படம், அதுவும் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி.

அந்த ‘ஒன்றுமில்லை’ பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளும். இடமிருந்தால் முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பகுதியையாவது போடுங்கள். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், வைத்தியன் அல்ல. பரிசோதனைகளில் ஒரு பழுதும் தெரியாமலே மயக்கமும் நடுக்கமும் கைகால் வழங்காமையும் வருகிற இந்த வருத்தம் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தபிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன், தெரிந்த வைத்தியர்களைப் பிடித்து விடாமல் கேட்டேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மயங்கி விழுந்த பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை சரி, ஈ.சி.ஜி. சரி, ஸ்கான் சரி என்றால், அந்தப் பரிசோதனைகள் தேடிய நோய்கள் அவளிடம் இல்லை, அவ்வளவுதான். அவள் விழுந்தது உண்மை. கால் இழுபட்டதும் கை நடுங்கியதும் குரல் அடைத்துப்போனதும் உண்மை. இதைப் பெரிய மனிதர் யாராவது ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் பேய் பிடித்துவிட்டது, கழிப்புக் கழிக்கவேணும் என்பார்கள். இன்னொரு வீட்டில் படிக்கக் கள்ளம், சாட்டுச் சொல்கிறாள், இரண்டு அடி போட்டால் எழும்பி நடப்பாள் என்பார்கள். குசினிப் பக்கம் வேறொன்றும் மெதுவாகச் சொல்லப்படும், காலாகாலத்தில் கலியாணம் கட்டிக் குடுத்தால் எல்லாம் சரிவரும் என்று.

அந்தக் கலியாண வைத்தியம் நம்முடைய ஆச்சிமார் கண்டுபிடித்ததல்ல. கிட்டத்தட்ட 2400 வருடங்களுக்கு முன், கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலேயே அது இருக்கிறது. கருப்பை காய்ந்து இலேசாகி, இருந்த இடத்தை விட்டு மேலே கிளம்பி ஈரலையும் நெஞ்சையும் போய் அடைக்கிறதாம், அதனால்தான் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது, பேச்சு நின்றுபோகிறது. மருந்து என்ன? மூக்கில் நாற்றமான பொருளைப் பிடித்து, கீழே வாசனைப் புகை போட்டுக் கருப்பையைத் தன் இடத்துக்கு இறக்குவது, அப்புறம் கலியாணமும் கர்ப்பமும். பிளேட்டோ போன்ற பெரிய அறிவாளியே, பிள்ளைக்கு ஏங்கி உடம்புக்குள் அலைகிற ஓர் உயிர் என்று கருப்பையைப் பற்றி எழுதிவைத்தார். ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கருப்பை அப்படியெல்லாம் நடந்து திரியாது என்று பிறகு கேலன் என்ற பழைய வைத்தியர் திருத்தினார், ஆனாலும் பழியை அவரும் கருப்பையிலிருந்து எடுக்கவில்லை.

1602 இல் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். மேரி குளோவர் என்று 14 வயதுப் பிள்ளை. பக்கத்தில் வசித்த எலிசபெத் ஜாக்சன் என்ற வயதான பெண் ஏசிவிட்டுப் போன பிறகு அவளுக்குத் தொண்டை அடைத்தது, பேச்சு நின்றது, உடம்பு முறுகியது. சூனியம் என்று வழக்குப் போட்டார்கள். பிள்ளை நடிக்கிறாளா என்று பார்க்க அவள் கையில் நெருப்பு வைத்தும் சோதித்தார்கள். எட்வேர்ட் ஜோர்டன் என்ற வைத்தியர் நீதிமன்றத்தில் போய், இது சூனியம் அல்ல, இயற்கையாக வரும் ஒரு நோய் என்று சொன்னார். அப்படியானால் அதைக் குணப்படுத்த முடியுமா என்று நீதிபதி கேட்க, அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. ஜாக்சனுக்குத் தண்டனை விழுந்தது. அடுத்த வருடம் ஜோர்டன் தன் வாதத்தை ஒரு சிறு நூலாகவே அச்சிட்டார். நானூறு வருடத்துக்கு முந்திய இந்த வழக்கில் இருந்ததெல்லாம் இன்றைக்கு நம் ஊரிலும் இருக்கிறது. செய்வினை செய்தவர் யார் என்று பக்கத்து வீட்டைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நடிப்பா என்று நுள்ளிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நோய் என்று சொல்லத் தெரிந்து அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாத வைத்தியரும் இருக்கிறார்.

அதே நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இது மூளையிலும் நரம்புகளிலும் உள்ள கோளாறு என்று எழுதினார். 1682 இல் தோமஸ் சிடன்ஹாம் என்ற இன்னொரு வைத்தியர், இது ஆண்களுக்கும் வரும், எந்த நோயைப் போலவும் வேடம் போடும் என்றார். கேட்டவர்கள் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த நரம்பியல் வைத்தியர் சார்க்கோவைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரிய நன்மையையும் பெரிய கெடுதலையும் செய்தவர் அவர் ஒருவரே. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் அடைபட்டுக் கிடந்த இடம் அது. அங்கே அவர் நோயாளிகளை வருடக்கணக்காகப் பார்த்து, இறந்த பின் மூளையையும் முண்ணாணையும் வெட்டிப் பார்த்து, எந்த அறிகுறிக்கு எந்த இடத்தில் பழுது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். இன்று நாம் அறிந்த பல நரம்பு நோய்களை அவர் அப்படித்தான் பிரித்து எழுதினார். ஹிஸ்டீரியா நோயாளிகளிடம் மட்டும் அப்படி ஒரு பழுதும் அகப்படவில்லை. அதற்காக அவர் பொய் என்று தள்ளவில்லை. மூளையின் கட்டமைப்பில் காயம் இல்லை, ஆனால் அது இயங்குகிற விதத்தில் மாற்றம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது என்றார். ரயில் விபத்திலும் வேலைத்தளத்திலும் அடிபட்டு வந்த திடகாத்திரமான ஆண்களிடம் இதே நோயைக் காட்டி, கருப்பைக் கதையை மூடிவைத்தார். ஸ்கான் இல்லாத காலத்தில் சொன்ன அந்தக் கருத்துக்கு நாம் ஒரு நூறு வருடம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறோம்.

ஆனால் அவரே அந்தப் பெண்களை மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அறிதுயிலில் (ஹிப்னோடிசம்) ஆழ்த்தி, எழுத்தாளர்களும் நடிகர்களும் வந்து உட்கார்ந்து பார்க்க வலிப்பைக் காட்டினார். படம் பிடித்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் அதிகம் வருகிறவள் ஓகுஸ்தீன் என்ற பதின்ம வயதுப் பிள்ளை. சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவள். அவள் 1880 இல் ஆண் உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியை விட்டுத் தப்பிப் போய்விட்டாள். ஆசிரியர் அவர்களே, பிள்ளைகளின் படத்தை உங்கள் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அவள்தான்.

1893 இல் சார்க்கோ இறந்ததும் அவருடைய சீடர்களே அவருடைய கருத்தை விட்டு விலகினார்கள். அவர்களில் ஒருவரான பபின்ஸ்கி இதைப் பிறர் சொல்லால் வருவது, சொல்லால் போவது என்றார். சில மாதங்கள் பாரிசில் இருந்து சார்க்கோவிடம் கற்றுப்போன, பின்னர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட், வியன்னாவில் பிரொய்யர் என்ற வைத்தியருடன் சேர்ந்து 1895 இல் வெளியிட்ட நூலில், வெளியே சொல்ல முடியாத நினைவுகள் உடம்பில் அறிகுறியாக வருகின்றன என்று சொன்னார். நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்கவேண்டும் என்ற பழக்கம் மருத்துவத்துக்குள் வந்தது அதனால்தான், அந்த அளவில் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அதோடு நரம்பியல் வைத்தியர்கள் இது எங்களுடையது அல்ல என்று கதவைச் சாத்தினார்கள். மனநல வைத்தியர் கால் வழங்காத ஒருவரை நரம்பியலுக்கு அனுப்ப, அங்குள்ள வைத்தியர் ஸ்கானைப் பார்த்துவிட்டுத் திருப்பி மனநலத்துக்கு அனுப்ப, நோயாளி நடுவில் நின்றார். இன்றைக்கும் பல இடங்களில் நிற்கிறார்.

முதலாம் உலகப்போரில் இது படைவீரர்களுக்கு வந்தது. குண்டு மழைக்குள் நின்றவர்களுக்கு உடம்பில் ஒரு காயமும் இல்லாமல் கால் வழங்கவில்லை, பேச்சு நின்றது, கண் தெரியவில்லை. 1915 இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் அதை மருத்துவ இதழில் எழுதினார். பலரைக் கோழைகள் என்றார்கள். சிலருக்கு மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார்கள். நமக்கு இது தூரத்துக் கதையல்ல. போர்க்காலத்தில் நீண்ட நாள் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம்முடைய சனங்கள் மனவடுவை உடம்பின் வருத்தமாகவே கொண்டுவருகிறார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு, மயக்கம் என்று கிளினிக் வாசலில் நின்ற எத்தனை பேருக்கு அந்தக் காலத்தில் ஒரு வைற்றமின் குளிசை மட்டும் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயத்தை வடிவாகச் சொல்லவேண்டும். இந்த வருத்தம் வந்த எல்லோருக்கும் பின்னால் ஒரு பெரிய துயரம் ஒளிந்திருக்கிறது என்று நினைப்பதும் பிழை. சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. சிலருக்குச் சின்ன அடி, ஒரு காய்ச்சல், ஒரு தலைச்சுற்று இவற்றில் தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980 இலேயே ஹிஸ்டீரியா என்ற பெயர் போய்விட்டது. 2013 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மன அழுத்தம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. இப்போது இதை ‘நரம்புச் செயற்பாட்டுக் கோளாறு’ என்ற கருத்தில் சொல்கிறார்கள். ஆகவே பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்து, வீட்டில் என்ன பிரச்சினை, யாரோடு கதைக்கிறாய், போனைத் தா என்று குடைவது வைத்தியம் ஆகாது.

சரி, வைத்தியர்கள் ஏன் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள்? அதற்கும் நியாயமான ஒரு காரணம் இருந்தது. 1965 இல் லண்டன் மனநல மருத்துவர் எலியட் சிலேற்றர், ஹிஸ்டீரியா என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளிகளைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார். பலருக்கு உண்மையில் வேறு நரம்பு நோய் இருந்திருக்கிறது, சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அவர் கொடுத்த எச்சரிக்கை கடுமையானது, தேவையானதும்கூட. அந்தப் பயம் வைத்தியர்களிடம் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் 2005 இல் ஜோன் ஸ்டோன் என்ற நரம்பியல் வைத்தியரும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 1950களில் இப்படிப் பிழையாகச் சொல்லப்பட்டவர்கள் 29 சதவீதம், 1970க்குப் பிறகு 4 சதவீதம் அளவில்தான். மற்ற நரம்பு நோய்களிலும் அந்த அளவு பிழை வரும். அதோடு இது அபூர்வமான வருத்தமும் அல்ல. ஸ்கொட்லாந்தில் நரம்பியல் கிளினிக்குகளுக்குப் புதிதாக வந்த 3,781 பேரைப் பார்த்த ஆய்வில், தலையிடிக்கு அடுத்தபடியாக இருந்தது இந்த வகைதான், ஏறக்குறைய 16 சதவீதம்.

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையின் மகள், எனக்கு மருமகள். உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ரியூசன் வாசலில் சைக்கிளால் விழுந்தாள். முழங்காலில் சின்ன உரஞ்சல். அடுத்தநாள் விடிய இடது கால் எழும்பவில்லை. ஸ்கான் எடுத்தார்கள், ஒரு பிழையும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பாராமல், “ஒண்டுமில்லை, சோதினைப் பயம், வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார். வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது. ஒருவர் நூல் கட்டினார். ஒருவர் ஏசினார். தகப்பன் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு அவள் தன் காலைத் தானே கையால் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்ப்பாளாம், நித்திரை வராமல் கிடந்த தாய் பார்த்திருக்கிறாள்.

பிறகு வேறொரு வைத்தியரிடம் போனோம். அவர் செய்த பரிசோதனை இதுதான், எந்த மெசினும் தேவையில்லை. பிள்ளை கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறாள். வைத்தியர் தன் கையை இடது குதிக்காலுக்குக் கீழே வைத்து, “பிள்ளை, குதிக்காலாலை என்ரை கையைக் கட்டிலோடை அமத்துங்கோ” என்றார். அவள் முகமெல்லாம் வியர்க்க முயன்றாள், கால் அசையவில்லை. “சரி, உந்தக் காலை மறந்திடுங்கோ. இப்ப வலது காலைத் தூக்குங்கோ. நான் மேலாலை அமத்துவன், விடாமல் தூக்குங்கோ.” அவள் வலது காலைத் தூக்கினாள். அந்த நேரம் இடது குதிக்கால் அவருடைய கையைக் கட்டிலோடு சேர்த்து அமத்தியது. வைத்தியர் என் தங்கையைக் கூப்பிட்டு அவளுடைய கையை அங்கே வைக்கச் சொல்லி மறுபடி செய்வித்தார். தாய்க்குக் கையில் பட்டது. எங்கள் ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் கால் தானாகக் கீழே ஊன்றிக்கொள்ளும், அது நினைத்துச் செய்கிற வேலை அல்ல. 1908 இல் சார்ள்ஸ் ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிவைத்த பரிசோதனை இது.

இதை வைத்து ‘பிடிபட்டாய், நடிக்கிறாய்’ என்று சொல்லியும் இருக்கலாம். அந்தக் காலத்தில் பலர் அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். இந்த வைத்தியர் சொன்னது, “நீங்கள் நடிக்கேல்லை. உங்கடை நரம்பும் தசையும் வேலை செய்யுது, அம்மாவே கையாலை பாத்திட்டா. நீங்கள் காலை நினைச்சு அசைக்கப் போனால் மூளை அதைத் தடுக்குது, வேறை ஒண்டை நினைச்சால் விடுது. இதுக்குப் பேர் இருக்கு, இதோடை கன பேர் வருகினம், இது மாறும்.” வெளியே வந்ததும் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே மாமா” என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டோமே என்று எனக்கு இப்போது எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

மூளை தடுக்கிறது என்று அவர் சொன்னது சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையா என்றுதான் நான் தேடத் தொடங்கினேன். இல்லை. 1997 இல் பிரித்தானியாவில், இடது கால் இப்படி வழங்காத ஒரு பெண்ணின் மூளையை ஸ்கானில் வைத்து, காலை அசைக்க முயலச் சொன்னார்கள். அசைவைக் கட்டளையிடும் பகுதி எழும்பவில்லை, அதற்குப் பதிலாக மூளையின் முன்புறத்தில் செயல்களை அடக்கி ஆளும் பகுதிகள் எழும்பின. 2001 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள், ஒரு பக்கம் வழங்காத ஏழு பேரில், அதற்கு எதிர்ப்பக்கத்து மூளையின் ஆழத்தில் அசைவோடு தொடர்புள்ள பகுதிகளில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். குணமானவர்களை மறுபடி பார்த்தபோது அந்தக் குறை போயிருந்தது. தேருக்கு அச்சும் முறியவில்லை, வடமும் அறவில்லை, இழுக்க ஆட்களும் நிற்கிறார்கள், ஆனால் சில்லுக்குக் கீழே முட்டுக்கட்டை கிடக்கிறது. அச்சை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி, இழுங்கோ என்று சத்தம் போட்டு என்ன பயன்?

நடிப்பா என்ற கேள்விக்கு நேரே பதில் சொன்ன ஆய்வு 2010 இல் அமெரிக்காவில் வந்தது. வலரி வூன், மார்க் ஹாலெற் முதலியவர்கள், கை தானாக நடுங்கும் எட்டு நோயாளிகளை எடுத்தார்கள். அவர்களையே, நடுக்கம் இல்லாத நேரத்தில், அதே நடுக்கத்தை வேண்டுமென்று செய்து காட்டச் சொன்னார்கள். ஆள் ஒன்று, கை ஒன்று, நடுக்கமும் ஒன்று. ஆனால் தானாக வந்த நடுக்கத்தின்போது, மூளையின் வலப்பக்கத்தில் பொட்டுக்கும் காதுக்கும் பின்னால் மேலே உள்ள ஒரு பகுதியின் செயற்பாடு குறைவாக இருந்தது. இந்த அசைவைச் செய்கிறவன் நான்தான் என்ற உணர்வோடு தொடர்புள்ள பகுதி அது. நோயாளி ‘நான் செய்யவில்லை, தானாக வருகிறது’ என்று சொல்வது பொய் அல்ல என்று மூளையே சொல்கிறது.

2012 இல் மார்க் எட்வேர்ட்ஸ், கார்ல் பிரிஸ்டன் முதலியவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மூளை உடம்பிலிருந்து செய்தி வரும்வரை சும்மா காத்திருப்பதில்லை. இப்போது இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும், வருகிற செய்தியை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். அடிபட்ட காலில் கவனம் முழுதும் போய்க் குவிந்து, கால் வழங்காது என்ற எதிர்பார்ப்பு மிகவும் பலத்துவிட்டால், உள்ளே வருகிற உண்மையான செய்தியை அது அமத்திவிடும். இது நினைத்து நடப்பதல்ல, நினைவுக்கு எட்டாத ஆழத்தில் நடப்பது. கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் கால் வேலை செய்வது ஏன் என்பதும் இதில் விளங்குகிறது. இதெல்லாம் முடிந்த முடிவல்ல. ஆய்வுகள் சிறியவை. ஸ்கானை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கவும் இன்னும் முடியாது, அதைத் தீர்மானிப்பது ஹூவர் செய்தது போன்ற கைப் பரிசோதனைதான். ஆனால் கருப்பை, பேய், பொய் என்று வந்த வரிசை இதோடு நிற்கவேண்டும்.

மருமகளுக்கு இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ற்) செய்த பயிற்சி பார்க்க அதிசயமாக இருந்தது. முன்னுக்கு நடக்க முடியாதவள் பின்னுக்கு நடந்தாள். கையில் பந்தைக் கொடுத்து எறிந்து பிடிக்கச் சொல்லிக்கொண்டே நடக்க விட்டார், கால் தன்பாட்டில் வந்தது. எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருடம் எழுதினாள். களைத்த நாட்களில் கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். வெளிநாட்டுப் பரிசோதனை முடிவுகளும் இப்படிக் கலந்துதான் இருக்கின்றன. 2020 இல் பிரித்தானியாவில் 368 பேரை வைத்து, வலிப்புப் போல வரும் இந்த வகைத் தாக்கங்களுக்கு உளச்சிகிச்சையைச் சோதித்தார்கள். தாக்கங்களின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை, ஆனால் அந்த மனிதர்களின் அன்றாட வாழ்க்கை பல வகையில் மேம்பட்டது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்கிச் சொல்வதே இந்த நோய்க்குச் சிகிச்சையின் முதற்படி என்று இப்போது சொல்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது, அதுவும் யாழ்ப்பாணத்தில். 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழைப் படித்து, மேற்கத்தைய மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே நம் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். கடல் கடந்து வந்தவர் செய்ததை நாமும் செய்யலாம். கிளினிக்கில் சனம் எவ்வளவு, நேரம் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வைத்தியர் எங்களுக்குச் செலவிட்டது பத்து நிமிடம் இருக்கும்.

கோயில்களில் கலை (சாமி) வந்து ஆடுவதைப் பற்றியும் ஒரு சொல். அதை நான் இதோடு சேர்த்து நோய் என்று சொல்லவில்லை. தன் ஊரும் உறவும் சூழ நின்று, தீபம் காட்டியதும் அடங்குகிற ஒன்று அவரவர் பக்தியோடு போகட்டும். பிள்ளையைச் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கும்பிடுவதாலும் ஒரு கெடுதியும் இல்லை, பல தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மிளகாய்ப் புகை பிடிப்பது, வேப்பங்கொத்தால் அடிப்பது, கட்டிவைப்பது இவையெல்லாம் துன்புறுத்தல். அதைச் செய்கிறவர்களின் பெயரைத்தான் நீங்கள் செய்தியில் போடவேண்டும்.

ஆசிரியருக்கு நான் கேட்பவை இவை. இப்படியான செய்தி வந்தால் பிள்ளைகளின் படத்தையும் பாடசாலையின் பெயரையும் போடாதீர்கள். கூட்டமாக மயங்கும்போது ஒருவரைப் பார்த்து மற்றவருக்குப் பரவும் தன்மை உண்டு, அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியே அமைதியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் முதல் வேலை, படமும் பரபரப்பும் அதற்கு நேர் எதிர். சாப்பாடு, தண்ணீர், வாயு என்று வேறு காரணம் உண்டா என்பதைச் சுகாதாரப் பகுதியினர் பார்த்துச் சொல்லும்வரை நீங்களாக முடிவு எழுதவும் வேண்டாம்.

அதோடு பின்வருவதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது. யாருக்கும் வலிப்பு வந்தால் அது எந்த வகை என்று வீட்டில் நிற்கிறவர்கள் முடிவு செய்யவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, தலையை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டு, நீண்ட நேரம் நீடிப்பது காக்காய் வலிப்பு அல்லாத வகையாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு வகையும் ஒரே ஆளுக்கே வருவதும் உண்டு. கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்காதீர்கள், வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள், கையைக் காலை அமத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இடிபடக்கூடிய பொருட்களை எடுத்துவிட்டு, தலைக்குக் கீழே மெதுவான ஏதாவது வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது அடுத்தடுத்து வந்தால், அல்லது இதுதான் முதல் தடவை என்றால், 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். திடீரென்று கை கால் வழங்காமல் போனாலும், வாய் கோணினாலும் அதே மாதிரி உடனே ஆஸ்பத்திரிதான், அது பாரிசவாதமாக இருக்கலாம். ஒருவர் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வைத்தியருக்குக் காட்ட மட்டும், பேஸ்புக்கில் போட அல்ல. பரிசோதனையெல்லாம் சரி என்று வந்தபிறகும் வருத்தம் மாறாமல் இருந்தால், “அப்ப இவளுக்கு என்ன வருத்தம், அதுக்கு என்ன செய்யலாம்” என்று வைத்தியரிடம் திருப்பிக் கேளுங்கள். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு உண்டு, காசு தேவையில்லை. விசருக்கு மருந்து எடுக்கிறாள் என்று ஊர் கதைக்குமே என்று பயந்து பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. அதற்கு முன் இது அச்சில் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கோண்டாவில்.